அணிவகுப்புக் குதிரைகளும் ஐந்து வயதுச் சிறுமியும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 26 அன்று தலைநகரின் கர்த்தவ்ய பாதையில் 61-ஆவது குதிரைப்படை அணிவகுத்து வரும்போது, கடுங்குளிரைப் பொருட்படுத்தாமல் கூடியிருக்கும் மக்கள் கைதட்டி வரவேற்பது வழக்கம். 2024-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று, 40 ஆண்டுகளுக்குப் பிறகு, குடியரசுத் தலைவர் குதிரைகள் பூட்டிய சாரட்டில் விழாவுக்கு வந்தார். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 1773-இல், பனாரஸில் தொடங்கப்பட்ட மெய்க்காவல் படை இன்றும் குடியரசுத் தலைவர் மாளிகையில் தன் குதிரைகளுடன் பணியாற்றி வருகிறது. அரசு என்றால் அது குதிரையின் மீது அமர்ந்து வரும் ஒன்று என்ற பழைய எண்ணம், முடியாட்சி போய்க் குடியாட்சி வந்த பிறகும் நம்மைவிட்டு நீங்கவில்லை போலும்.

இந்தக் கட்டுரையில் வரும் குதிரைக்கு அந்த அணிவகுப்பில் இடமில்லை. போலோ ஆட்டத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட 17 வயதுப் பெண் குதிரை அது. தில்லியின் தென் எல்லையைத் தாண்டி, ஹரியாணா மாநிலத்துக்குள் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு தனியார் லாயத்தில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில், பனிமூட்டம் விலகாத ஒரு காலைப் பொழுதில், அதன் முதுகில் முதன்முதலாக ஒரு சிறுமியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவளுக்கு அப்போது வயது 5. ஏறியதும் அலறினாள். இரண்டே நிமிடங்களில் இறக்கிவிட்டார்கள்.

தில்லி மயூர் விஹாரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் வசிக்கும் கடுவால் குடும்பத்துக் குழந்தை அவள். தந்தை தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கர். குழந்தை ஏழாவது மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒன்றரை வயதாகியும் உட்காராத நிலையில்தான் மூளை முடக்குவாதம் என்பது உறுதி செய்யப்பட்டது. அவளுடைய அறிவுத் திறனில் குறையேதும் இல்லை. பேச்சும் தெளிவு. இரண்டு கால்களின் தசைகளும் எந்நேரமும் இறுகியிருக்கும். நிற்க வைத்தால் முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசிக் கத்தரிக்கோல்போல் குறுக்கிட்டுக் கொள்ளும். கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் உறையும் வாக்கரும் இருந்தால் அறைக்குள் நடப்பாள். முதுகுக்குப் பின்னால் சாய்மானம் இல்லாவிட்டால் சில நிமிடங்களுக்கு மேல் உட்கார முடியாது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சியில் உட்கார முடியாது என்பதற்காகவே இரண்டு பள்ளிகள் அவளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன.

குதிரைச் சவாரி அவளுக்கு உதவக்கூடும் என்று சொன்னவர் அவளுக்குப் பயிற்சி அளித்துவந்த இளம் இயன்முறை மருத்துவர். பெற்றோர் தயங்கினார்கள். குடும்பத்தில் அதை உடனே ஏற்றுக்கொண்டவர் தாத்தா ஒருவர்தான். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் கோயிலுக்குச் செல்லும் மலைப்பாதையில் கோவேறு கழுதைகளில் யாத்ரிகர்களை ஏற்றிச் சென்று பிழைத்தவர் அவர். 2013 ஜூன் மாதப் பெருவெள்ளத்தில் இரண்டு கோவேறு கழுதைகளையும் இழந்து, மகனிடம் வந்து சேர்ந்தார். "முதல் நாள் கல்லைப்போல விறைத்துக்கொண்டு உட்காருவார்கள். திரும்பும்போது அவர்களுடைய முதுகு தானாகவே வளைந்து கொடுக்கும். முதுகுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, பாய் சாஹப்" என்று அவர் என்னிடம் சொன்னார். மருத்துவ நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதும் ஏறக்குறைய இதைத்தான்.

குதிரை நடக்கும்போது அதன் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாக ஒரே சமயத்தில் அசைகிறது. மனிதன் நடக்கும்போது இடுப்பெலும்பு அசையும் முறையும் அதுவே. நடக்க இயலாத குழந்தையைக் குதிரையின் முதுகில் கால்களை இருபுறமும் போட்டு அமர்த்தினால், நடக்கும் மனிதனின் இடுப்புக்குக் கிடைக்கும் அசைவு அந்தக் குழந்தையின் இடுப்புக்குக் கிடைக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடிகள் என்று வைத்துக்கொண்டால், அரைமணி நேரத்தில் 3,000 முறை அந்த உடல் நிலைகுலைந்து 3,000 முறை தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பயிற்சி அறையில் எந்தக் குழந்தையும் ஒரு செயலை 3,000 முறை செய்யாது. முப்பதாவது முறையிலேயே அழத் தொடங்கிவிடும். தவிர, குதிரையின் உடல் வெப்பம் நம்முடையதைவிடச் சற்று அதிகம். சேணத்துக்குப் பதிலாக மெத்தென்ற விரிப்பு மட்டும் போட்டு உட்கார வைக்கும்போது, அந்த வெப்பமும் கால்கள் விரிந்திருக்கும் நிலையும் சேர்ந்து தொடையின் உட்புறத் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன.

இதற்கு ஹிப்போதெரபி என்று பெயர். கிரேக்க மொழியில் ஹிப்போஸ் என்றால் குதிரை. மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவர், குதிரையின் அசைவைத் தம் சிகிச்சைக்கு ஒரு கருவியாகப் பயன்படுத்துவது அது. குழந்தையே கடிவாளத்தைப் பிடித்துச் சவாரி கற்றுக்கொள்ளும் 'சிகிச்சைச் சவாரி' வேறு. அதை நடத்துபவர் சவாரி ஆசிரியர். இந்த வேறுபாடு ஏதோ கலைச்சொல் விவகாரம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டுக்கும் தகுதியில்லாதவர்கள் கட்டணம் வசூலிக்கும் நிலை உருவாகி வருகிறது என்பதால்தான் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

மேலை நாடுகளில் இந்த முறைக்குக் கவனம் கிடைக்கக் காரணமாக இருந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற பெண்மணி. 1944-இல் கருவுற்றிருந்த நிலையில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் போட்டியில், ஆண்களோடு சமமாகப் போட்டியிட்டுக் குதிரைச் சவாரியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் உதவி தேவைப்பட்டது. தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் அவருக்குக் கைகொடுத்துப் பதக்க மேடையில் ஏற்றிவிட்ட காட்சியை அந்நாளைய செய்தித்தாள்கள் கொண்டாடின. 1969-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கெனத் தேசிய அளவிலான அமைப்புகள் தோன்றின. எந்தக் குதிரை ஏற்றது, யார் பயிற்சி அளிக்கலாம், எந்தக் குழந்தையை ஏற்றக் கூடாது என்பதற்கெல்லாம் அவை விதிமுறைகளை வகுத்துச் சான்றிதழ் வழங்குகின்றன.

சிறுமியின் கதைக்குத் திரும்புவோம். அலறி இறங்கிய அந்த முதல் நாளுக்குப் பிறகு மூன்று வாரங்கள் அவளைக் குதிரையில் ஏற்றவேயில்லை. கேரட் கொடுப்பதும் பிடரி மயிரைத் தடவுவதும் மட்டுமே பயிற்சி. நான்காவது வாரம் அவளாகவே கைகளைத் தூக்கிக் காட்டினாள். தலைக்கவசம் அணிவித்து ஏற்றினார்கள். முன்னால் சாயிஸ் குதிரையைப் பிடித்து நடத்த, இருபுறமும் இருவர் அவள் தொடைகளைத் தாங்கியபடி கூடவே நடப்பார்கள். இயன்முறை மருத்துவர் முதுகின் ஒவ்வோர் அசைவையும் கவனித்துக்கொண்டு வருவார். வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம். ஒரு சனிக்கிழமை நானும் உடன் சென்று பார்த்தேன். குதிரை ஒரு திருப்பத்தில் திரும்பியபோது சிறுமியின் உடல் ஒரு பக்கம் சாய்ந்தது. அருகில் நடந்தவர் கையை நீட்டுவதற்குள் அவளே நிமிர்ந்துவிட்டாள். அந்த நிமிர்வுக்காகத்தான் இத்தனை பேரும் மண்ணில் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

கோடை விடுமுறைக்கு முன்பே சில மாற்றங்களைக் கண்கூடாகக் காண முடிந்தது. சாய்மானம் இல்லாத பெஞ்சியில், காலை வழிபாட்டுக் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதாக விண்ணப்பித்த பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பருப்புச் சாதத்தைச் சிந்தாமல் தானே எடுத்துச் சாப்பிட்டாள். உடல் நிலையாக நின்றால்தான் கை தன் வேலையைச் செய்யும் என்பது நாம் யோசித்துப் பார்க்காத ஒன்று. செப்டம்பர் மாதத்தில் ஒருநாள், வாக்கரை விட்டுவிட்டுச் சோபாவிலிருந்து வாசற்கதவுவரை நான்கு அடிகள் வைத்தாள்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்தக் குதிரை 'சல்' என்று சொன்னால் நடக்கும். பிறந்தது முதல் பிறர் தூக்கினால் எழுந்து, பிறர் இறக்கினால் உட்கார்ந்து, பிறர் தள்ளினால் நகர்ந்த ஒரு குழந்தை, 400 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு விலங்கைப் பார்த்து 'சல்' என்கிறாள், அது நடக்கிறது. இதை அளப்பதற்கு எந்த மருத்துவ அளவுகோலும் இல்லை. வீட்டிலும் அவள் அந்தச் சொல்லை எல்லோர் மீதும் பிரயோகிக்கத் தொடங்கிவிட்டதாகத் தாயார் சிரித்துக்கொண்டே குறைப்பட்டுக்கொண்டார்.

அதே சமயம், மாறாதவற்றையும் சொல்லியாக வேண்டும். குதிகால் இன்னும் தரையில் படியவில்லை. பிளாஸ்டிக் உறை இன்றி நிற்க முடியாது. மாடிப்படி ஏற முடியாது. வளர வளர எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது என்பதால், பின்னாளில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று எலும்பு மருத்துவர் கூறியிருக்கிறார். மூளையில் ஏற்பட்ட பாதிப்பைக் குதிரை சரிசெய்துவிடாது. மேலும், இந்த முன்னேற்றம் முழுவதையும் குதிரையின் கணக்கில் எழுதுவதும் நியாயமாகாது. அதே மாதங்களில் வீட்டில் தாயார் தினந்தோறும் செய்வித்த பயிற்சிகளும், பள்ளிக்குப் போகத் தொடங்கிய உற்சாகமும் அவளுடைய உடலில் எந்த அளவுக்கு வேலை செய்தன என்று யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

ஆய்வுகள் சொல்வதென்ன? 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு சுவாரசியமானது. மூளை முடக்குவாதம் உள்ள 15 குழந்தைகளில் ஒரு பிரிவினரை 8 நிமிடங்கள் நடக்கும் குதிரையின் மீதும், மற்றவர்களை அதே 8 நிமிடங்கள் அசையாத பீப்பாயின் மீதும் கால்களை விரித்து உட்கார வைத்தார்கள். குதிரையில் அமர்ந்தவர்களுக்கு இருபக்கத் தசைகளின் செயல்பாடு சீரடைந்தது. பீப்பாயில் அமர்ந்தவர்களுக்கு அவ்வாறு நிகழவில்லை. உட்காரும் நிலை மட்டுமல்ல, அசைவே மருந்து என்பதை இது காட்டியது. தென்கொரியாவில் 92 குழந்தைகளிடம் நடத்தி 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்விலும், எட்டு வாரங்களில் உடலியக்கத் திறன் கூடியது தெரியவந்தது. அமெரிக்காவில், ஆட்டிசம் உள்ள 127 சிறுவர் சிறுமியரிடம் நடத்தப்பட்டு அதே ஆண்டு வெளியான 10 வார ஆய்வில், எரிச்சலும் அமைதியின்மையும் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 99 குழந்தைகளைக் கொண்டு தொடங்கி 2009-இல் வெளியான ஆய்வு, சிகிச்சைச் சவாரியால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்றே முடிவு கூறியது. பலன் உண்டு, அது ஓரளவுதான், எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதே இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் சித்திரம்.

தொலைக்காட்சிகளிலும் விளம்பரத் துண்டறிக்கைகளிலும் 'அதிசயம்' என்ற சொல் அடிபடும்போதெல்லாம் அச்சமாக இருக்கிறது. ஆட்டிசம் உள்ள தன் மகனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு மங்கோலியாவில் பயணம் செய்த ஒரு தந்தை எழுதிய நூல் 2009-இல் வெளியாகி உலகெங்கும் விற்பனையானது. அந்தத் தந்தையின் அன்பை ஐயுறவில்லை. ஆனால் அத்தகைய கதைகளைக் கேட்டுவிட்டு, நிலத்தை விற்றாவது குதிரையில் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதற்கு யார் பொறுப்பு?

எல்லாக் குழந்தைகளையும் குதிரையில் ஏற்றிவிடவும் முடியாது. இடுப்பு மூட்டு நழுவியிருந்தால் கூடாது. கட்டுப்படாத வலிப்பு இருந்தால் கூடாது. முதுகுத்தண்டு மிகவும் வளைந்திருந்தால் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு உறுதியற்றதாக இருக்கும். சோதித்துப் பார்க்காமல் ஏற்றினால் முதுகுத்தண்டு நரம்பே பாதிக்கப்படலாம். சிறுமி சென்ற லாயத்தில் எக்ஸ்ரே கேட்டார்கள். அதற்கு முன்பு அவளுடைய பெற்றோர் விசாரித்த வேறோர் இடத்தில் கேட்டது முன்பணம் மட்டுமே. திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் குதிரை ஒன்றைக் காட்டி, 'தெரபி' இதில்தான் என்றார்களாம். வாணவேடிக்கைக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் பழகிய குதிரை சாதுவானதாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் வாதம். தில்லியில் மாப்பிள்ளைகளைச் சுமக்கும் அந்த வாயில்லாச் சீவன்களின் குளம்பும் முதுகும் இருக்கும் நிலையைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். நொண்டும் குதிரையின் நடை குழந்தையின் உடலுக்குத் தவறான பாடத்தைத்தான் கற்பிக்கும். கிளாண்டர்ஸ் போன்ற நோய்கள் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

இங்கேதான் அரசின் கடமை குறித்த கேள்வி எழுகிறது. இந்தச் சிகிச்சையை யார் நடத்தலாம் என்று வரையறுக்கும் விதிமுறை நாட்டில் நடைமுறையில் இல்லை. மறுவாழ்வுத் துறைப் பணியாளர்களைப் பதிவு செய்ய 1992-இல் மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தது. இயன்முறை மருத்துவர்கள் உள்ளிட்டோரை ஒழுங்குபடுத்த 2021-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. குதிரை மட்டும் எந்தச் சட்டத்திலும் ஏறாமல் வெளியே நிற்கிறது. அங்கீகாரம் இல்லாததால் காப்பீடு இல்லை. காப்பீடு இல்லாததால் வசதி படைத்தவர்களுக்கே சிகிச்சை. அவர்களுக்கு மட்டுமே என்பதால் அரசு கவனிப்பதில்லை. பெருநகரங்களின் சவாரிச் சங்கங்களிலும் தனியார் லாயங்களிலும் ஒரு சில இடங்களில் அக்கறையோடு நடத்துகிறார்கள். மாவட்டத் தலைநகரங்களில் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சட்டத்தில் குறைவில்லை என்பார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்தது. 2016-ஆம் ஆண்டு நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் கட்சி வேறுபாடின்றி வரவேற்கப்பட்ட சட்டம் அது. ஆனால் மறுவாழ்வு பற்றிப் பேசும் அதன் 27-ஆவது பிரிவு, அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தத்தமது பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு இந்தச் சேவைகளைச் செய்ய வேண்டும் என்று கூறுகிறது. 'வசதிக்கு உட்பட்டு' என்ற இந்த ஒரு சொற்றொடர் உள்ளே நுழைந்துவிட்டால், உரிமை என்று தலைப்பிட்ட சட்டம் தானதருமம் ஆகிவிடுகிறது. எந்த நிதியமைச்சரும் தமக்கு வசதியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக வரலாறு இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகம். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், மாவட்டந்தோறும் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் மையங்களை அமைப்பதாக உறுதியளித்தது. 2021 ஜூனில் மத்திய சமூக நீதி அமைச்சகம் வேறு 14 மையங்களைத் தொடங்கியது. பின்னர் அவற்றின் எண்ணிக்கை கூடியது. நல்ல முயற்சிகள்தாம். ஆனால் நம் சிறுமிக்கு ஒன்றரை வயதுவரை என்ன குறை என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் வசித்ததோ நாட்டின் தலைநகரில்.

இந்த நிலையில் குதிரையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு மாவட்ட மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர் பணியிடத்தை நிரப்புவதா, லாயம் கட்டுவதா என்று கேட்டால், முந்தையதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். சக்கர நாற்காலிக்கே வழியில்லாத குடும்பத்திடம் குதிரையைப் பற்றிப் பேசுவது கேலிப் பேச்சாகிவிடும். ஆனால் இங்கே புதிதாக லாயம் கட்ட வேண்டியதில்லை. குதிரைகளை விலைகொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. அவை ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன.

ராணுவத்தின் குதிரை வளர்ப்பு மற்றும் கால்நடை மருத்துவப் பிரிவின் தலைமைப் பயிற்சி மையம் மீரட்டில் இருக்கிறது. 61-ஆவது குதிரைப்படை ஜெய்ப்பூரில் இருக்கிறது. சென்னை, மைசூரு, கொல்கத்தா எனப் பல நகரங்களில் காவல்துறைக்குக் குதிரைப் பிரிவுகள் உண்டு, குஜராத்திலும் உண்டு. கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவுகள் செயல்படுகின்றன. ஹிசாரில் குதிரைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்றை மத்திய அரசு நடத்தி வருகிறது. கூட்டத்தைக் கலைக்கவும் அணிவகுப்பில் நடக்கவும் பழக்கப்பட்ட எல்லாக் குதிரைகளும் இதற்கு ஏற்றவை அல்ல. வயதாகி, வேகம் குறைந்து, பணியிலிருந்து கழிக்கப்படும் நிலையில் உள்ள சாதுவான குதிரைகள்தாம் இதற்குத் தேவை. சிறுமியைச் சுமந்த பெண் குதிரையும் அப்படி ஒதுக்கப்பட்டதுதான்.

கணக்கு பெரிதல்ல. ஒரு குதிரையை ஒரு காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதில் ஈடுபடுத்தக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். அரைமணி நேரத்துக்கு ஒரு குழந்தை என்றால் நான்கு குழந்தைகள். வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகள், ஐந்து குதிரைகள் என்றால் 20 குழந்தைகளுக்கு முறையான சிகிச்சை கிடைக்கும். மாவட்ட மையத்தின் இயன்முறை மருத்துவர் ஒருவர் அந்த இரண்டு நாள் லாயத்துக்கு வர வேண்டும். குழந்தையின் இருபுறமும் நடப்பதற்குப் பயிற்சி பெற்ற காவலர்களோ மாணவர் படையினரோ போதும். எந்தக் குழந்தையை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்ற விதிமுறையை முதலில் எழுதி வெளியிட வேண்டும். 20 குழந்தைகளின் முன்னேற்றத்தை இரண்டு ஆண்டுகள் நேர்மையாகப் பதிவு செய்தால், இந்தியக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்றும் நம் கையில் இருக்கும். பலன் இல்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம். அதுவும் ஒரு பயன்தான். வெளிநாட்டு ஆய்வுகளைக் காட்டிப் பணம் பறிப்பவர்களின் வாயை அடைக்கலாம்.

இதில் குதிரைகளுக்கும் ஒரு நன்மை உண்டு. 2012-இல் நாட்டில் ஆறு லட்சத்துக்கும் மேல் இருந்த குதிரைகள், 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஏழு ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி மறைந்துவிட்டது. வண்டி இழுக்கவும் சுமை தூக்கவும் இயந்திரங்கள் வந்தபிறகு குதிரையை வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை. 2023 ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் அணி டிரெஸ்ஸாஜ் பிரிவில் தங்கம் வென்றபோது நாடே மகிழ்ந்தது. ஆனால் அந்த நால்வரும் பயிற்சி பெற்றது ஐரோப்பாவில். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, எல்லா விளையாட்டுகளுக்குமான கட்டமைப்பை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைக்கச் சொல்கிறது. குதிரைச் சவாரியும் விளையாட்டுதான் என்பதை யாராவது அமைச்சகத்துக்கு எடுத்துச் சொன்னால் நல்லது.

சிறுமியின் சவாரி 2024 நவம்பரில் நின்றது. முதலில் காற்று மாசு காரணமாக லாயத்தை மூடினார்கள். வெளியில் குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்பது மருத்துவர்களின் அறிவுரை. டிசம்பரில் திறந்தபோது, அதுவரை பாதிக் கட்டணத்தை ஏற்றுவந்த கொடையாளர் விலகிவிட்டார். ஒரு முறைக்கு 1,000 ரூபாய், போக்குவரத்துச் செலவு தனி. மாதம் 32,000 ரூபாய் சம்பாதிக்கும் கணக்கருக்குக் கணக்கு தெரியாதா? மூன்று மாதங்கள் கழித்துப் பரிசோதித்த இயன்முறை மருத்துவர், உட்காரும் திறன் குறையவில்லை, தொடைத் தசைகள் மட்டும் மீண்டும் இறுகத் தொடங்கியிருக்கின்றன என்று குறிப்பு எழுதினார்.

தந்தை சும்மா இருக்கவில்லை. அரசுக் குதிரை லாயம் ஒன்றில், காலைப் பயிற்சி முடிந்தபின் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் அனுமதி கேட்டு மனு கொடுத்தார். குதிரையை நடத்திச் செல்லத் தாத்தாவே வருவார் என்றும், மருத்துவரைத் தம் செலவில் அழைத்து வருவதாகவும் அதில் எழுதியிருந்தார். பாதுகாப்புக் காரணங்களாலும் விதிகளில் இடமில்லாததாலும் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. விதிகளில் இடம் தருமாறு கேட்டு வேறோர் அலுவலகத்துக்கு இரண்டாவது மனுவை அனுப்பியிருக்கிறார். அதற்கு இதுவரை ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்துள்ளது.